மச்சத்துக்குப் பல் இல்லை

விசாரணைக்கு வந்த அதிகாரி என் அண்ணியைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். எத்தனை வருடமாக வேலை செய்கிறாள், கை எப்படி, கவனம் எப்படி, இவ்வளவுதான் வேண்டுமாம். அரைப் பக்கமாம்! அண்ணியின் கோபத்தை எழுதவே அரைப் பக்கம் போதாது. என் கோபத்துக்குத் தனியாக ஒரு நோட்டு வேண்டும். அதனால் முழுவதையும் எழுதுகிறேன். படிக்கப் பொறுமை இல்லையென்றால் அவர் கடைசியை மட்டுமாவது படிக்கட்டும்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே இடத்தில் வேலையும் செய்கிறோம். இந்தத் தண்டனை வேறு எந்த நாத்தனாருக்கும் வர வேண்டாம். எங்கள் பட்டறை ஓர் அச்சகத்துக்கு மேலே, இரண்டாவது மாடியில். கீழே மெஷின் ஓடினால் மேலே தரை அதிரும். அதற்காக அண்ணி தன் மேசைக் கால் நான்குக்கும் அடியில் பழைய டயரை வெட்டிப் போட்டிருந்தாள். மொத்தம் ஐந்து பேர். முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் 'நாளைக்கு'. எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருகிற முதல் வார்த்தை அதுதான்.

நாங்கள் செய்வது வெள்ளை லேசர். சாதாரண லேசருக்கு ஒரே நிறம்தான் உண்டு. அதைத் தலைமுடி அளவு கண்ணாடி இழைக்குள், அதாவது ஃபைபருக்குள், செலுத்துவோம். இந்த இழை முழுக்க நீளவாக்கில் தேனடை மாதிரி நுணுக்கமான ஓட்டைகள் இருக்கும். நடுவில் இருக்கிற துளி இடத்தில் வெளிச்சம் நெருக்கியடித்து ஓடும்போது அதன் நிறம் உடைந்து, மறுமுனையில் எல்லா நிறமும் கலந்து பளீரென்று வெளியே வரும். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கே தெரியாத நிறங்களும் அதில் இருக்கும். அந்த வெளிச்சத்தை ஓர் அறையின் குறுக்கே பாய்ச்சினால், காற்றில் இருக்கிற வாயு தனக்கு வேண்டிய நிறத்தை மட்டும் தின்றுவிடும். திரையில் ஓடுகிற கோடு அந்த இடத்தில் பள்ளமாக இறங்கும். பெரிதாக்கிப் பார்த்தால் வரிசையாகப் பல் பதிந்த மாதிரியே இருக்கும். எங்கள் பட்டறையில் அதற்கு 'கடி' என்று பெயர். ஒவ்வொரு வாயுவும் கடிக்கிற இடம் வேறு. கடித்த இடத்தைப் பார்த்து ஆளைப் பிடித்துவிடலாம்.

இன்னொரு பள்ளமும் உண்டு. அது இழைக்குக் கூடவே பிறந்தது, கண்ணாடி வார்க்கும்போதே விழுந்தது. அதற்குப் பெயர் 'மச்சம்'. மச்சம் எங்கே இருக்கிறது என்று எந்திரத்துக்குச் சொல்லிவிட்டால் அது அந்த இடத்தை மூடிவிடும், பிறகு அங்கே திரும்பிப் பார்க்காது. எந்த இழைக்கு எங்கே மச்சம் என்று அண்ணி ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். கடியா மச்சமா என்று சந்தேகம் வந்தால் நாற்பது முறை அளப்போம். காற்று ஓர் இடத்தில் நிற்காது, அதனால் பள்ளம் கூடிக் குறைந்தால் அது கடி. நாற்பது முறையும் அப்படியே இருந்தால் மச்சம். இதைக் கண்டுபிடித்தது நான்தான். அதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

இழைகளை ஒட்டுவது அண்ணியின் வேலை. ஓட்டை உள்ள இழையை ஒட்டுவது லேசில்லை. இரண்டு முனையையும் மின்பொறியில் உருக்கி ஒட்டும்போது சூடு கொஞ்சம் கூடினால் ஓட்டையெல்லாம் அடைந்துபோகும். இழை செத்தது. குறைந்தால் ஒட்டே நிற்காது. அண்ணி பொறி விழும் முன் ஒரு மூச்சு இழுத்து அடக்கிக்கொள்வாள். ஒட்டி முடித்து, சோதித்து, முனையைக் குழாய்க்குள் பத்திரமாக வைத்த பிறகுதான் மூச்சை விடுவாள். முதல் முறை பார்த்தபோது நான் பயந்தே போனேன்.

"அண்ணி, உயிரோட இருக்கீங்களா?"

"உன்னை வேலைக்கு வச்ச பிறகும் இருக்கேன் பாரு, அதுதான் அதிசயம்."

இங்கே வருவதற்கு முன் பதினோரு வருடம் தொலைபேசிக் கேபிள் ஒட்டினவள். ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கி, தலைக்கு மேல் ஒரு குடை மட்டும் வைத்துக்கொண்டு வேலை. அண்ணனைப் பார்த்ததும் அப்படித்தான். அவன் வேலை செய்யும் தொழிற்சாலை வாசலில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். இவன் வேடிக்கை பார்க்கப் போய் கேபிள் மேலேயே நின்றிருக்கிறான்.

"சார், காலை எடுங்க. நீங்க மிதிச்சுக்கிட்டு இருக்கிறது மூவாயிரம் பேரோட பேச்சு."

"அதுல உங்க பேச்சும் இருக்குதுங்களா?" என்றானாம் இவன்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் குறைந்தது நூறு தடவை கேட்டிருப்பேன். அண்ணன் சொல்லும்போதெல்லாம் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வாள், ஆனால் எழுந்து போகமாட்டாள்.

கவனம் எப்படி என்று அதிகாரி கேட்டாரே, அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். இழை வெட்டும்போது சிந்துகிற துண்டு கண்ணுக்குத் தெரியாது, தோலில் ஏறினால் லேசில் வெளியே வராது. அதனால் ஒவ்வொரு துண்டையும் ஒட்டும் காகிதத்தில் குத்தி எண்ணி வைப்பாள். நான் சேர்ந்த முதல் வாரம் பன்னிரண்டில் ஒன்று குறைந்தது. "யாரும் அசையக் கூடாது," என்றாள். 'நாளைக்கு' உட்பட எல்லோரும் முக்கால் மணி நேரம் நின்ற இடத்தில் நின்றோம். அண்ணி டார்ச் அடித்துத் தரையில் தவழ்ந்தாள். கடைசியில் அது என் காலுறையில் இருந்தது. "வீட்டுக்குப் போயிருந்தா நம்ம படுக்கையில இருந்திருக்கும்," என்றாள் எல்லோர் எதிரிலும். எனக்கு மானம் போயிற்று. அன்று மனசுக்குள் முடிவு செய்தேன், இனி இவளிடம் எதையும் கேட்கக் கூடாது, எதற்கும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று. வீம்பு. அப்போது அதற்குத் தன்மானம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அண்ணனுக்கு உலைக்கூடத்தில் வேலை. இரும்புப் பல்சக்கரங்களை உலையில் வைத்து, கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவில் வேகவைத்துக் கெட்டியாக்குவார்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஆளைத் தூக்கம் மாதிரி சாய்த்துவிடும். போன வருடம் ஒருவர் மயங்கி விழுந்த பிறகுதான் தொழிற்சாலைக்காரர்கள் எங்களிடம் எந்திரம் கேட்டார்கள். அப்போதே அண்ணனுக்கு அடிக்கடி தலைவலி.

"இது என் புருஷனுக்குக் கட்டுற மெஷின். யாரும் குறுக்கே வராதீங்க," என்று சொல்லிவிட்டு அண்ணி உட்கார்ந்தாள். ஏழு முறை ஒட்டினாள், ஆறை வெட்டி எறிந்தாள். ஆறும் நன்றாகத்தான் இருந்தன. ஏழாவதை மூன்று நாள் தொடர்ந்து எரியவிட்டுப் பார்த்து, நோட்டில் எழுதினாள்: மச்சம் இரண்டு. கார்பன் மோனாக்சைடு கடிக்கும் இடம் சுத்தம்.

மாட்டப் போக வேண்டியது நான். அன்று காலையில் அண்ணி பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நானும் வரேன். நீ அவசரக்காரி."

"நான் என்ன பச்சைக் குழந்தையா? இத்தனை மெஷின் மாட்டினது யாரு?"

"சரி, சந்தேகம்னா போன் பண்ணு."

"வராது," என்றேன். சந்தேகம் வராது என்றுதான் சொன்னேன்.

முதல் அளவை உலையை அணைத்து, கதவெல்லாம் திறந்து வைத்து எடுக்க வேண்டும். உலையை அணைத்தால் மறுபடி சூடேற இரண்டு நாளாகும், முடியவே முடியாது என்றார் மேற்பார்வையாளர். சரி என்றேன். ஒரு சுவரில் லேசர், எதிர்ச் சுவரில் அந்த வெளிச்சத்தை வாங்கும் கருவி. கோடு ஓட ஆரம்பித்தது. நோட்டில் இருந்த இரண்டு மச்சமும் தெரிந்தன. மூன்றாவதாக ஒரு சின்னப் பள்ளம், அதுவும் சுத்தம் என்று அண்ணி எழுதிய அதே இடத்தில்.

நாற்பது முறை அளந்தேன். பள்ளம் இம்மியும் அசையவில்லை. வழியில் பெட்டி குலுங்கி இழை எங்காவது மடங்கியிருந்தால் புதிதாகப் பள்ளம் விழுவது உண்டு. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அண்ணியைக் கூப்பிட்டால் ஒரு நிமிட வேலை. கூப்பிட்டால் என்ன சொல்வாள் என்றும் தெரியும். போனைக் கையில் எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டேன். மூன்றாவது மச்சம் என்று குறித்து மூடினேன். அளவுத் தாளை அச்செடுத்து மடித்து வைத்துக்கொண்டேன்.

காற்றோட்டம் குறைவான அந்தக் கூடத்தில் உலைக் கதவின் ஓரத்திலிருந்து வாயு இரவும் பகலும் ஒரே அளவாகக் கசிந்துகொண்டிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. அசையாத கடியும் உண்டு என்று என் புத்தியில் படவில்லை. நான் மூடிய பிறகு எந்திரத்துக்குத் தெரிந்தது பள்ளத்தின் ஓரம் மட்டும்தான், உள்ளதில் நாற்பதில் ஒரு பங்கு.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்டாள், "மச்சம் எத்தனை?"

"நீங்க எழுதினதுதான். ரெண்டு."

இந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அண்ணனின் தலைவலி கூடியது. உலை அதே உலை, கூடமும் அதே கூடம். ஆனால் முன்பு தலை வலித்தால் வெளியே போய்க் காற்று வாங்குகிறவன், இப்போது திரையைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தான். திரை எப்போதும் பச்சைதான், வாயுவின் அளவு இரண்டு அல்லது மூன்று. முப்பத்தைந்தைத் தொட்டால்தான் மணி அடிக்கும்.

"உங்க அண்ணியைக் கட்டினதிலேருந்தே தலைவலிதான், புதுசா என்ன?" என்று சிரிப்பான். கண் டாக்டர் கண்ணாடி கொடுத்தார். அதைப் போட்டதும் அண்ணி, "வாங்க புரொபசர்," என்று வாசலில் நின்று வரவேற்றாள். கண்ணாடி போட்டும் வலித்தது. தேநீரை நிறுத்தினான். தலையணையை மாற்றினான். ஒருநாள் வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கு என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். எந்திரத்தைப் பற்றி அண்ணியிடம் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது.

"உலைக்காத்தா இருக்குமோ?" என்று அண்ணியே கேட்டாள், தனக்குத்தானே. பிறகு அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். "இல்ல. மெஷின் இல்லைங்குது. என் ஃபைபர் பொய் சொல்லாது."

நான் தட்டைக் கழுவ எழுந்து போனேன்.

போன மாதம் மின்சார வேலைக்காக உலையை நான்கு நாள் அணைத்தார்கள். இரண்டாம் நாளே அண்ணனுக்குத் தலைவலி போயிற்று. ஏணி வைத்து ஏறி வீட்டுக் கூரைக்கு வெள்ளையடித்தான், பழைய பாட்டெல்லாம் பாடினான். ஐந்தாம் நாள் வேலைக்குப் போய் வந்தவன் வாசலிலேயே வாந்தி எடுத்தான். அண்ணி அவன் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் பழக்கம்தான். கணக்குப் போடுகிற பார்வை அது.

திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்தாள்.

"மாட்டினப்போ எடுத்த அளவுத் தாளைக் கொடு."

"ஏன், என்மேல சந்தேகமா?"

"உன்மேல இல்லம்மா. என் ஃபைபர் மேல. வழியில கெட்டிருக்குமோன்னு பாக்கணும்."

தன்னைத்தான் சந்தேகப்பட்டாள்! அந்த இடத்திலாவது நான் சொல்லியிருக்க வேண்டாமா? தாளில் மூன்று மச்சம் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. நான் இரண்டு என்று சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். "வீட்டுல எங்கேயோ இருக்கு, தேடித் தரேன்," என்றேன். தாள் என் கைப்பையில் இருந்தது. செவ்வாய்க்கிழமை மறுபடி கேட்டாள். "நாளைக்கு," என்றேன். முதலாளியே திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

புதன்கிழமை விடியும்போதே காற்றும் மழையும். மத்தியானம் அண்ணன் வழக்கம்போலப் போன் செய்தான். அண்ணி ஒட்டும் வேலையில் கை வைத்திருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"இங்க சாரல் உள்ள அடிக்குது. ஷட்டரையெல்லாம் இறக்கிட்டோம்."

"சாப்பிட்டீங்களா?"

"இங்க சாரல் உள்ள அடிக்குது. ஷட்டரையெல்லாம் இறக்கிட்டோம்."

அதே வார்த்தை, அதே ராகம், கொஞ்சம் மெதுவாக. பிறகு போன் வைக்கப்படாமலே அமைதியானது. உலையின் உறுமல் மட்டும் கேட்டது.

அண்ணி இழையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "தாள் எங்க?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பையில் இருந்தது ஏன் என்று அவள் கேட்கவில்லை. பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்தாள்.

"மூணு எழுதியிருக்கு."

"நாற்பது தடவை அளந்தேன் அண்ணி. அசையவே இல்ல. மச்சம்னுதான்..."

அவள் கண்ணாடியை என் பக்கம் தள்ளினாள். சத்தமே போடவில்லை. "நல்லாப் பாரு. மச்சத்துக்குப் பல்லு இருக்குமா?"

பார்த்தேன். பள்ளத்தின் அடியில் வரிசையாக, சின்னச் சின்னதாக, பல். அன்று நான் அசைகிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பெரிதாக்கிப் பார்க்கவே இல்லை.

கிடைத்த வண்டியில் ஏறி ஓடினோம். வழியெல்லாம் அண்ணி போன் போட்டுக்கொண்டே வந்தாள், யாரும் எடுக்கவில்லை. வாசலில் மேற்பார்வையாளர் குடையோடு நின்றிருந்தார். "என்னம்மா பதட்டம்? இப்பதான் என் ரூம் திரையில பார்த்தேன், பச்சைதான் காட்டுது," என்றார். அண்ணி அவரைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், கூடத்தில் அண்ணன் மட்டும்தான். கூடத்துச் சின்னக் கதவருகே நின்று ஒரு மூச்சு இழுத்தாள். பட்டறையில் இழுக்கிற அதே மூச்சு. அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு ஷட்டர் கிறீச்சென்று ஏறியது. வெளியே வந்து மூச்சு விட்டாள், இழுத்தாள், திரும்பப் போனாள். இரண்டாவது ஷட்டர் ஏறியது. மூன்றாவது முறை போனவள் அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் கொடுத்த மூக்குக்கண்ணாடி அவனுடைய ஒரு காதில் மட்டும் தொங்கியது. நான் மழையில் நின்று, திறந்த ஷட்டர் வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை. முப்பத்தொன்று.

அண்ணன் பிழைத்துவிட்டான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒன்பதாம் நாள் கண் திறந்தான். அண்ணியைத் தெரிகிறது, என்னைத் தெரிகிறது, கேபிள் மிதித்த கதை வரிக்கு வரி தெரிகிறது. அதற்குப் பிறகு எதுவும் நிற்பதில்லை. சாப்பிட்ட சாப்பாடு, வந்துபோன ஆள், நாம் சொன்ன சொல், எல்லாம் பத்து நிமிடம்தான். இனி இப்படித்தானா என்று கேட்டால், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போகிறார்.

தொழிற்சாலைக்காரர்கள் இழையில் குறை என்கிறார்கள். 'நாளைக்கு'ம் அதற்குத் தலையாட்டுகிறார். இழை என்றால் அண்ணி, பழி ஓர் ஆளோடு முடிந்துவிடும். அதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டபோது அண்ணி, "ஃபைபர் நான் ஒட்டினது," என்றாள். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னைப் பார்க்கக்கூட இல்லை அவள். திட்டியிருக்கலாம், நாலு பேர் எதிரில் அறைந்திருக்கலாம், சத்தியமாக வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஆகவே ஐயா, அண்ணியைப் பற்றி நீங்கள் கேட்ட அரைப் பக்கம் இதுதான். அவள் இழையில் மச்சம் இரண்டு. மூன்றாவது, வாயுவின் கடி. அதை மச்சம் என்று மூடியது நான். இரண்டு என்று பொய் சொன்னது நான். திங்கட்கிழமை கேட்ட தாளைப் புதன்கிழமை கொடுத்ததும் நான். தாளும் அவளுடைய நோட்டும் இதோடு இருக்கின்றன.

இதை ஆஸ்பத்திரியில் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணி ஜன்னலோரம் அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள். அண்ணன் கண் திறந்து, எப்போதும் கேட்பதைக் கேட்டான்.

"மெஷின் என்ன சொல்லுது?"

இத்தனை நாள் இதற்கு அண்ணிதான் பதில் சொல்லி வந்தாள், "எல்லாம் சரியா இருக்கு, தூங்குங்க," என்று. இன்று அவள் ஊசியை நிறுத்தி, பதிலை என்னிடம் விட்டுவிட்டாள்.

"தப்பா சொல்லுதுண்ணே," என்றேன். "நான்தான் அப்படிச் சொல்ல வச்சேன். உனக்கு இப்படி ஆனது என்னாலதான். என்னை மன்னிச்சிருண்ணே."

அவன் என்னைப் பார்த்தான். கண் கலங்கியது. கையை நீட்டி என் தலையில் வைத்தான். "சரி விடு, அழாதே," என்றான்.

பத்து நிமிடம் ஆயிற்று. "மெஷின் என்ன சொல்லுது?" என்றான். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.